தாவூது நபியிடம் நமக்குள்ள ஆறுதல்

2023 டிசம்பர் 4ஆம் நாள், மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தது. புளியந்தோப்பில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் போயிற்று. மழைநீரும் சாக்கடையும் ஒன்றாயின. பல தெருக்களில் நீர் வடியச் சில நாட்கள் ஆயின.

எல்லா மதத்தவரும் சுவரோடு சுவராய் வாழும் பகுதி அது. இத்தகைய இரவில் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அம்மாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சங்கீதம் வாசித்து ஆறுதல் அடைவதை நம் சகோதரிகள் பார்த்திருப்பார்கள். “அது தாவூது நபியின் பாட்டு என்கிறார்களே, தாவூது நமக்கும் நபியல்லவா? நமக்கு அவரிடம் ஆறுதல் இல்லையா?” என்று மனம் கேட்டிருக்கும். நியாயமான கேள்வி. பதிலைப் பார்ப்போம்.

தாவூது (அலை) அவர்களுக்கு ஜபூர் வேதம் அருளப்பட்டதைத் திருக்குர்ஆன் (4:163, 17:55) கூறுகிறது. அதை நம்புவது ஈமானில் சேர்ந்தது. ஜபூரில் புதிய சட்டங்கள் இல்லை, இறைபுகழும் துஆவும் உபதேசமுமே இருந்தன என்பது விரிவுரையாளர்கள் தரும் விளக்கம். இன்று பைபிளில் 150 சங்கீதங்கள் உள்ளன. அவற்றில் பலவற்றின் தலைப்பே வேறு பெயர்களைச் சொல்கிறது. ஆகவே அந்நூலை அப்படியே ஜபூர் என்று நாம் கொள்வதில்லை. அதற்காக அண்டை வீட்டாரின் ஆறுதலை ஏளனம் செய்வதும் கூடாது. வேதக்காரர்கள் சொல்வதை உண்மையென்றும் கொள்ளாமல், பொய்யென்றும் தள்ளாமல் இருக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள்.

அப்படியானால் நம் கையில் உறுதியாக இருப்பது எது? தாவூது நபியின் நடைமுறை! அதில் மூன்று பாடங்கள் உள்ளன.

முதலாவது, இறைபுகழ். அவர்கள் துதித்தபோது மலைகளும் பறவைகளும் சேர்ந்து துதித்தன (34:10). மக்காவாசிகள் ஏசியபோது, பொறுமையாயிருந்து தாவூதை நினைவுகூரும்படி நம் நாயகத்துக்கே அல்லாஹ் கட்டளையிட்டான் (38:17). நாயகத்துக்கே ஆறுதலாகக் காட்டப்பட்டவர் நமக்கு ஆறுதலாக மாட்டாரா?

இரண்டாவது, இரவுத் தொழுகை. அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான தொழுகை தாவூது நபியின் தொழுகை என்பது புகாரியில் உள்ள ஹதீஸ். அவர்கள் இரவின் பாதி உறங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, ஆறில் ஒரு பங்கு மீண்டும் உறங்குவார்கள். ஒன்பது மணி நேர இரவென்றால் நாலரை மணி உறக்கம், மூன்று மணி வணக்கம், ஒன்றரை மணி உறக்கம். உடலை வதைக்கச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நம்மால் அவ்வளவு முடியாவிட்டாலும் பஜ்ருக்கு முன் இரண்டு ரக்அத் முடியாதா? கவலையில் உறக்கம் வராமல் புரளும் நேரத்தை ஸஜ்தாவுக்குக் கொடுக்கலாமே! நாயகம் (ஸல்) அவர்களும் ஏதேனும் துயரம் நேர்ந்தால் தொழுகைக்கு விரைவார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள்.

மூன்றாவது, கை உழைப்பு. அரசராயிருந்தும் தாவூது நபி தம் கையால் உழைத்தே உண்டார்கள். இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த அல்லாஹ், கவசம் செய்யவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தான். 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டு அந்த வட்டாரத்தில் பிழைப்பிழந்த குடும்பங்களுக்கு இந்தப் பாடத்தின் அருமை புரியும். துஆவுக்குப் பின் முடங்கிக் கிடப்பதல்ல, கிடைத்த ஹலாலான தொழிலைத் தொடங்குவதே தாவூது நபியின் வழி.

வெள்ளத்தில் தொழுவது எப்படி என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. சாக்கடை கலந்து நிறமோ மணமோ சுவையோ மாறிய நீரில் ஒளு செய்யக் கூடாது. வீட்டிலுள்ள நல்ல நீர் குடிக்க மட்டுமே போதுமென்றால் தயம்மும் போதும். மழைக்காலம் வருமுன் சுத்தமான உலர்ந்த மண்ணை ஒரு சட்டியில் எடுத்துப் பரணில் வைத்துக்கொள்ளுங்கள். தரை நனைந்திருந்தால் உறுதியான கட்டிலின்மேல் தொழலாம். நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். வக்தைத் தவறவிட வேண்டாம்.

சுவரில் ஏறிய நீர் ஒருநாள் வடிந்துவிடும். அந்த இரவில் நாம் செய்த ஸஜ்தா நம் ரப்பிடம் நிலைத்திருக்கும். பொறுமையைக் கொண்டும் தொழுகையைக் கொண்டும் உதவி தேடுவோர் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்ப்பானாக! ஆமீன்.