முதல் அரைமணி நேரம்

தஞ்சாவூர்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா போன் செய்தாள். இந்த மாதமும் பேங்கிலிருந்து பாதியில் கிளம்பி ஹாஸ்டலுக்கு வந்து படுத்துவிட்டாயாம். நெற்றிப்பொட்டில் தொடங்கி இடது கண்ணுக்குப் பின்னால் வரை விண் விண்ணென்று தெறிக்கிறது, ட்யூப்லைட் வெளிச்சம்கூடத் தாங்கவில்லை, குமட்டுகிறது, வாந்தி எடுத்த பிறகுதான் கொஞ்சம் தேவலை என்கிறாயாம். டாக்டர் இதை ஒற்றைத் தலைவலி, மைக்ரேன் என்று உறுதியாகச் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. நீ இத்தனை நாளும் சைனஸ் என்று நினைத்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தாய். இப்படி நினைப்பவர்கள் நிறைய. தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறக்குறைய மூவாயிரம் பேரை அமெரிக்காவில் பரிசோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகை வலிதான்.

இது நம் குடும்பத்தில் வழிவழியாக வருவது. உன் அப்பாயிக்கு இருந்தது, எனக்கும் உண்டு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலம் முழுக்க, இதோடு வந்த பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது மூன்று மடங்கு அதிகம். மாதவிலக்குக்கு முன்னால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சட்டென்று இறங்கும் நாட்களில் இன்னும் அதிகம். அதனால் உனக்குச் சொல்ல நினைப்பதை ஆற அமர எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். எந்த வைத்தியம் என்பதைவிட, எப்போது செய்கிறாய் என்பதுதான் பெரிது. முகத்திலிருந்தும் தலையிலிருந்தும் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகிற ட்ரைஜெமினல் நரம்பு தூண்டப்பட்டு, மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வின் ரத்தக்குழாய்களைச் சுற்றி அழற்சி கிளம்புகிறது. அதே நேரத்தில் வயிறும் மந்தமாகிவிடுகிறது. வலி உச்சிக்குப் போன பிறகு நீ விழுங்கும் மாத்திரை ரத்தத்தில் சேராமல் வயிற்றிலேயே கிடக்கும், இல்லையென்றால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைக்கிற கதைதான். வலி தொடங்கி முதல் அரைமணி நேரத்துக்குள் செய்கிற சின்ன வைத்தியம், மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துப் பொறுத்துவிட்டுச் செய்கிற பெரிய வைத்தியத்தைவிட நன்றாகக் கேட்கும். நீ பொறுத்துக்கொள்கிறவள் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம், பாப்பா.

வலி சொல்லாமல் வருவதில்லை. சிலருக்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தின நாளே அடையாளம் தெரியும். காரணமில்லாமல் கொட்டாவி மேல் கொட்டாவி வரும். பிடரி இறுகும். சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். திடீரென்று இனிப்பு தின்னத் தோன்றும். சாக்லேட் தின்றதால் தலைவலி வந்தது என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். பல நேரம் அது தலைகீழ். வலி உள்ளே கிளம்பிவிட்டதால்தான் சாக்லேட் மேல் ஆசையே வருகிறது. உன் உடம்பு எந்த அடையாளத்தைக் காட்டுகிறது என்று கவனி.

அடையாளம் தெரிந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடி. வெறும் வயிறாக இருந்தால் இரண்டு இட்லியோ, ஒரு வாழைப்பழமோ, மோர் விட்ட சோறோ உள்ளே போகட்டும். வலி தொடங்கியதும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை உடனே போடு. கூடவே அரை டம்ளர் காபி குடித்தால் மாத்திரை சீக்கிரம் வேலை செய்யும். தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் கஃபீன் சேர்ப்பது இதற்காகத்தான். ஆனால் தினமும் நாலைந்து டம்ளர் குடிப்பவளுக்கு இது உதவாது. அப்படிப் பழகியவர்களுக்கு லீவு நாளில் காபி ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலே அதற்கென்று தனியாக ஒரு தலைவலி வரும். காலை ஒன்று, மாலை ஒன்று, நேரம் தவறாமல். அதோடு நிறுத்திக்கொள்.

பிறகு இருட்டும் குளிர்ச்சியும். ஹாஸ்டல் அறையில் முழு இருட்டு கிடைக்காது. கறுப்புத் துணியில் கண்ணை மறைக்கும் பட்டை ஒன்று தைத்து அனுப்புகிறேன், அதைக் கட்டிக்கொள். ஐஸ் கிடைத்தால் கர்ச்சீப்பில் சுற்றிப் பிடரியிலும் நெற்றிப்பொட்டிலும் மாற்றி மாற்றி வை. ஒரு இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஐஸ் நேராகத் தோலில் படவும் வேண்டாம். ஐஸ் இல்லையென்றால் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டு போதும். போனைத் தூரத்தில் வைத்துவிட்டு, தூக்கம் வந்தால் தூங்கு. தூங்கி எழுந்தால் வலி விட்டுவிடுவது பலருக்கும் நடப்பது.

அப்பாயி கைவைத்தியம் சுக்குதான். கல்லில் தண்ணீர் விட்டு உரசி நெற்றியில் பற்றுப் போடுவாள், கொஞ்சம் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிப்பாள். குடிப்பதை நான் முழு மனதோடு சொல்வேன். குமட்டலை அடக்குவதில் இஞ்சி கெட்டி. வலிக்கும் கேட்குமா என்று 2014-ல் ஈரானில் 100 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு 250 மில்லிகிராம் இஞ்சிப் பொடியும், மீதிப் பேருக்கு மைக்ரேனுக்கென்றே உள்ள சுமட்ரிப்டான் 50 மில்லிகிராமும் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு பக்கமும் வலி ஏறத்தாழ ஒரே அளவு குறைந்திருந்தது. ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கால் கிராம் சுக்குப் பொடி என்பது ஒரு சிட்டிகைதான், உனக்கு அதனால் கெடுதல் வராது. பையில் ஒரு சின்ன டப்பாவில் வைத்துக்கொள். தினமும் சாப்பிட்டால் வலியே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. பிரேசிலில் அப்படி மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தும், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மேலான பலன் கிடைக்கவில்லை.

பற்றுப் போடுவது உன் இஷ்டம். எரிச்சல் வந்தால் உடனே கழுவிவிடு, கண்ணில் வழிய விடாதே. தைலமும் அப்படித்தான். புதினா உப்பின் குளிர்ச்சி சிலருக்கு இதமாக இருக்கும், சிலருக்கு அந்த வாசனையே வலியைக் கூட்டும். துணியால் தலையை இறுக்கிக் கட்டுவதில் தப்பில்லை. மூக்கில் பச்சிலைச் சாறு பிழிவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதே. அதனால் மூக்கும் தொண்டையும் புண்ணாகி வந்தவர்களுக்கு நானே மருந்து போட்டிருக்கிறேன்.

இனி உன் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். உன் அம்மா சொன்ன தேதிகளைக் காலண்டரில் வைத்துப் பார்த்தேன். முக்கால்வாசி வெள்ளிக்கிழமையில் விழுகின்றன. அன்றைக்கு என்ன செய்கிறாய் என்று யோசித்துப் பார். விடியற்காலையில் எழுந்து தலைக்குக் குளிக்கிறாய். ஈரம் காயாமலே பின்னல் போட்டு மல்லிகைப்பூ வைக்கிறாய். பூஜை முடியும்வரை சாம்பிராணிப் புகையில் உட்கார்ந்திருக்கிறாய். விரதம் என்று மத்தியானம் வரை பச்சைத் தண்ணீரோடு நிற்கிறாய். அதோடு வெயிலில் பஸ்ஸைப் பிடித்து ஓடுகிறாய். குறைந்த தூக்கம், ஈரத் தலை, கடுமையான வாசனை, பட்டினி, வெயில். ஒற்றைத் தலைவலியைத் தூண்டுகிற ஐந்தையும் ஒரே காலைப்பொழுதில் அடுக்கி வைக்கிறாய், பாப்பா. தலைக்குக் குளித்தால் வலி வருவது நம் வீட்டுப் பாட்டிகளின் கற்பனை இல்லை. மும்பையில் தலைவலிக்கென்றே மருத்துவம் பார்க்கும் டாக்டர் கே. ரவிசங்கர், அப்படி வலி வரும் 94 நோயாளிகளைப் பற்றி 2006-ல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்.

சாமி கும்பிடாதே என்று நான் சொல்வேனா? தலைக்குக் குளிப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள், குளித்ததும் துவட்டி ஃபேன் காற்றில் நன்றாக உலர்த்து. வெள்ளிக்கிழமை மேலுக்குக் குளித்தால் போதும். விரதத்தைப் பாலும் பழமுமாக வைத்துக்கொள். நீ பட்டினி கிடந்து துடிப்பதை எந்த அம்மனும் கேட்கவில்லை. பூவை அம்மனுக்குச் சாத்து, சாம்பிராணியைக் கொஞ்ச நாள் விட்டுவிடு. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார், இந்த ஐந்தில் எது உன்னுடைய எதிரி என்பது அப்போதுதான் தெரியும். எல்லாமே எதிரியாக இருக்காது. தெரிந்த பிறகு மற்றவற்றை வழக்கம்போல வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் வேண்டாம், நேரம் தவறாமல் இருந்தால் போதும். மக்னீசியம் குறைந்தால் இந்த வலி கூடும் என்கிறார்கள். கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை, வேர்க்கடலை இவற்றில் அது உண்டு. மாத்திரையாக வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். தூக்கமும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கினாலும் இந்தத் தலைக்கு ஆகாது.

ஒரு நோட்டுப் போடு. தேதி, வலி தொடங்கிய நேரம், முந்தின இரவுத் தூக்கம், சாப்பிட்ட நேரம், மாதவிலக்கு நாள், போட்ட மாத்திரை. மாத்திரைக் கணக்கை மறைக்காமல் எழுது. சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், கலப்பு மாத்திரையோ சுமட்ரிப்டான் வகையோ 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், அந்த மாத்திரையே தினத் தலைவலியாக மாறிவிடும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால், வலி வராமல் தடுக்கிற மருந்து தனியாக இருக்கிறது, டாக்டரிடம் கேள். காய்ச்சலோடு வரும் தலைவலிக்கு, அதுவும் டெங்கு பரவுகிற மழை மாதங்களில், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைத் தொடாதே.

இன்னொன்று. வலிக்கு முன்னால் கண்ணெதிரே வளைந்து வளைந்து பளபளக்கும் கோடு தெரிகிறதா? தெரிந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல். அப்படிப்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கர்ப்பத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். வீட்டு விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையையும் மெடிக்கல் ஷாப்பில் நீயாகக் கேட்டு வாங்காதே.

எல்லாத் தலைவலியும் இதுதான் என்று இருந்துவிடவும் கூடாது. இடி விழுந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, ஒரு பக்கம் கைகால் வலுவிழப்பது, பேச்சுக் குழறுவது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, தலையில் அடிபட்ட பிறகு வருவது. இதில் எது வந்தாலும் சுக்கும் வேண்டாம், ஐஸும் வேண்டாம், 108-க்கு போன் போடு. மூன்று நாளைக்கு மேல் விடாமல் நீடித்தாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். உன் அறையில் இருக்கும் பெண்ணிடமும் இதைச் சொல்லி வை.

பேங்கில் மேனேஜரிடம் வெட்கப்படாமல் பேசு. வெறும் தலைவலிதானே என்று சொல்பவர்களுக்கு இது வந்ததில்லை. வலி தொடங்கும்போது அரைமணி நேரம் இருட்டறையில் இருக்க விட்டால், பாதி நாள் லீவு போட வேண்டியிருக்காது என்று அவருக்குப் புரிகிற கணக்கிலேயே சொல். டாக்டர் சீட்டின் நகலையும் கொடு.

கண்பட்டையும் எள்ளுருண்டையும் நாளைக் காலை கூரியரில் வருகின்றன. பொங்கலுக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வா. இங்கே நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கி வைக்கிறேன், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அத்தை