உழவியந்திரப் பெட்டியைப் பூட்டுதலும் அதன் விளக்குகளுக்குக் கம்பி இணைத்தலும்

பெரும்போக அறுவடை முடியும் தை, மாசி, பங்குனி மாதங்களில் நெல் மூடைகளை வயலிலிருந்து வீட்டுக்கும் ஆலைக்கும் களஞ்சியத்துக்கும் கொண்டு செல்லும் வேலை பெரும்பாலும் உழவியந்திரப் பெட்டிகளைக் கொண்டே நடைபெறுகின்றது. மரக்கறிச் செய்கையாளரோ விடியுமுன்னரே சந்தைக்குப் புறப்பட வேண்டியவராவர். ஆகவே, கமக்காரரின் பெட்டி தெருவில் செல்லும் நேரத்திற் பெரும்பகுதி இருட்டு நேரமேயாகும்.

சுமையேற்றிய பெட்டி மணிக்கு 15 அல்லது 20 கிலோமீற்றர் வேகத்திலேயே செல்லும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 14 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. அதனை ஓட்டுபவர் தடையைக் கண்டு பிறேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை விநாடி சென்றாலும் 21 மீற்றர் கடந்துவிடும். பின்பு வண்டி நிற்பதற்கு மேலும் 20 மீற்றர் வரை வேண்டும். முகவிளக்கைத் தாழ்த்தி வரும் ஒருவருக்கு, சேறு படிந்த விளக்கற்ற பெட்டியொன்று 40 மீற்றருக்கு அப்பால் தென்படுவது அரிது. தெருவோரத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட பெட்டியாயின் ஆபத்து இன்னும் பெரிது. இவ்வாறு மோதி இறப்பவர் பெரும்பாலும் அயற்கிராமத்து இளைஞரேயாவர் என்பதை நீங்களும் அறிவீர்கள்.

பூட்டும் இடம்

பெட்டியின் இழுவைத் தண்டை உழவியந்திரத்தின் பின்னச்சுக்குக் கீழே அமைந்துள்ள இழுவைச் சட்டத்திலேயே பூட்டுதல் வேண்டும். பெட்டி சேற்றிற் புதைந்த வேளைகளில், சிலர் சங்கிலியை அச்சிலோ, கலப்பையின் மேற்றண்டு பூட்டும் இடத்திலோ கொழுவி இழுப்பதுண்டு. இது உயிருக்கே கேடாகும். இழுக்கும் இடம் எவ்வளவுக்கு உயருகின்றதோ அவ்வளவுக்கு முன்சக்கரங்களின் மீதுள்ள பாரம் குறைந்து பின்சக்கரங்களுக்கு மாறும். பின்சக்கரங்கள் சுழல இயலாது பிடிபட்ட நிலையில் கிளச்சைத் திடீரென விட்டால், சக்கரம் சுழலுவதற்குப் பதிலாக இயந்திரத்தின் முன்பக்கமே மேலெழும். அது பின்புறமாகக் கவிழ்வதற்கு ஓரிரு விநாடி போதும். கிளச்சை மீண்டும் மிதிக்க ஓட்டுபவருக்கு அவகாசம் கிடையாது.

இணைப்பு ஆணியைப் பற்றியும் ஒரு சொல். துவாரத்தை நன்கு நிரப்பும் பருமனுடைய, இதற்கென்றே செய்யப்பட்ட ஆணியையே பயன்படுத்துக. கட்டட வேலையில் எஞ்சிய கம்பித் துண்டை வளைத்து ஆணியாகச் செருகும் வழக்கம் நம் ஊர்களிலே உண்டு. அது துவாரத்தினுள் ஆடி ஆடித் துவாரத்தையும் நீள்வட்டமாக்கித் தானும் தேய்ந்து, ஒருநாள் மேடு பள்ளத்திற் குதித்து வெளியேறும். ஆணியைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். படி போன்று தேய்ந்திருந்தால் உடனே மாற்றுக. ஆணியின் கீழ் முனையில் பிளவூசி இருத்தல் வேண்டும். ஆணி கழன்றாலும் பெட்டி தனித்து ஓடாதிருக்கும் பொருட்டு, இழுவைத் தண்டிலிருந்து இழுவைச் சட்டத்துக்கு ஒரு தடித்த சங்கிலியைத் தொடுத்து விடுதல் நன்று.

ஓர் அச்சுள்ள பெட்டியிற் சுமையை அச்சுக்குச் சற்று முன்பாகக் கூடுதலாக அடுக்குக. மூடையொன்று 60 கிலோகிராம் எனக் கொண்டால் 40 மூடைகள் 2400 கிலோகிராம் ஆகும். இதில் பெரும்பகுதி பின்பக்கம் சாய்ந்திருப்பின், இழுவைத் தண்டு ஆணியையும் உழவியந்திரத்தின் பின்பக்கத்தையும் மேலே தூக்கும். பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். தெருவில் ஏறுமுன் இடம் வலமாகவுள்ள இரண்டு பிறேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளவும் மறவாதீர்கள்.

மின்கம்பி இணைத்தல்

பெட்டியின் பின்புறத்தில் இரண்டு பின்விளக்குகளும், இரண்டு பிறேக் விளக்குகளும், இடமும் வலமுமாகச் சமிக்ஞை விளக்குகளும் இருத்தல் வேண்டும். இவற்றுக்கு உழவியந்திரத்திலிருந்து மின்னைக் கொண்டு வருவதற்கு, மோட்டார் வாகனங்களுக்கென விற்கப்படும் ஏழு முனைச் செருகியும் அதன் கூடுமே ஏற்றவை. முனைகளின் இலக்கங்கள் செருகியின் உட்புறத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். 12 வோற்று வாகனங்களுக்குரிய வழமையான ஒழுங்கு பின்வருமாறு: 1 ஆம் முனை இடப்பக்கச் சமிக்ஞை, மஞ்சட் கம்பி, 2 பின்புற மூடுபனி விளக்கு, நீலக் கம்பி, 3 உடலிணைப்பு, வெள்ளைக் கம்பி, 4 வலப்பக்கச் சமிக்ஞை, பச்சைக் கம்பி, 5 வலப் பின்விளக்கு, மண்ணிறக் கம்பி, 6 பிறேக் விளக்குகள், சிவப்புக் கம்பி, 7 இடப் பின்விளக்கு, கறுப்புக் கம்பி. மூடுபனி விளக்கு இல்லாத பெட்டியில் 2 ஆம் முனையை வெறுமையாக விடலாம். கடையில் வாங்கும் கம்பியின் நிறங்கள் மாறியிருக்கக் கூடுமாகையால், நிறத்தை நம்பாது இலக்கத்தையே நம்புக. எல்லோரும் இவ்வொழுங்கைக் கைக்கொண்டால், அயலவரின் பெட்டியை உங்கள் இயந்திரத்திற் பூட்டும் நாளிலும் விளக்குகள் சரியாக எரியும்.

வீட்டுக்கு மின் இணைக்கும் ஒற்றை இழைக் கம்பி இவ்வேலைக்கு உதவாது. பெட்டியின் அதிர்வினால் அது உள்ளேயே முறியும். வெளியே பார்த்தால் தெரியாது. பல மெல்லிய இழைகளைக் கொண்ட வளையும் கம்பியே வேண்டும். அதன் பருமனும் முக்கியமானது. 21 வாற்றுப் பிறேக் குமிழ்கள் இரண்டும் எரியும்போது 3½ அம்பியர் மின்னோட்டம் செல்லும். உழவியந்திரத்திலிருந்து பெட்டியின் பின்முனை வரை 8 மீற்றர் கம்பி எனக் கொள்வோம். அரைச் சதுர மில்லிமீற்றர்க் கம்பியைப் பயன்படுத்தினால் போகும் வழியில் ஏறக்குறைய 1 வோற்றும், திரும்பி வரும் வழியில் 1 வோற்றும் இழக்கப்படும். குமிழைச் சேருவது 10 வோற்று மாத்திரமே. அதனாற் குமிழின் ஒளி ஆறிலொன்றன்றி, ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். 1½ சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் இழப்பு மூன்றிலொன்றே. வெள்ளைக் கம்பி எல்லா விளக்குகளின் மின்னோட்டத்தையும் திருப்பிக் கொண்டு வருவதால், அதனை 2½ சதுர மில்லிமீற்றராக இடுதல் சிறந்தது.

பெட்டி விளக்குகளில் தோன்றும் குறைகளிற் பெரும்பாலானவை இவ்வெள்ளைக் கம்பியை அசட்டை செய்வதனாலேயே உண்டாகின்றன. பெட்டியும் இரும்பு, இழுவைத் தண்டும் இரும்பு, ஆணியும் இரும்பு. ஆகவே மின் அவ்வழியே திரும்பிவிடும் எனக் கருதிச் சிலர் இக்கம்பியை இடுவதேயில்லை. புதிய பெட்டியில் அவ்வாறு விளக்கு எரியவுஞ் செய்யும். ஆனால் ஆணியிற் கிறீசும் துருவும் சேறும் சேர்ந்த பின்பு, பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் தொடுப்பு விட்டு விட்டு வரும். கராச்சில் நிற்கும்போது எரியும் விளக்கு தெருவில் அணைவதன் காரணம் இதுவே. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் வெள்ளைக் கம்பியொன்றை 3 ஆம் முனை வரை கொண்டு வருக. உழவியந்திரத்தின் பக்கத்திலும் அது வர்ணம் சுரண்டித் துலக்கிய உலோகத்தில், மரையாணியால் இறுக்கப்படல் வேண்டும்.

இக்குறையை இனங்காண்பது எளிது. இடச் சமிக்ஞையைப் போடும்போது பின்விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுங்கினாலோ, பிறேக்கை மிதித்ததும் பின்விளக்கு ஒளி குன்றினாலோ உடலிணைப்புக் கெட்டுவிட்டதென அறியலாம். உரிய வழியே திரும்ப இயலாத மின், வேறொரு குமிழினூடாகத் திரும்ப முயல்வதே அம்மினுக்கத்தின் காரணம். பற்றரியில் உடலுடன் இணைந்துள்ள முனையிலிருந்து நீண்ட கம்பியொன்றை எடுத்து விளக்கின் உலோக உடலிலே தொட்டுப் பாருங்கள். விளக்கு உடனே பிரகாசித்தால், குமிழை மாற்றிப் பணத்தை வீணாக்காது வெள்ளைக் கம்பியைத் தேடுக. பழைய ஆங்கிலேய உழவியந்திரங்கள் சிலவற்றில் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். சாதாரணக் குமிழுக்கு இதனால் வேறுபாடில்லை, எல்.ஈ.டி விளக்கு முனை மாறினால் எரியாது, சில வேளை பழுதாகவுங் கூடும்.

கம்பிகளைப் பெட்டியின் அடிச்சட்டத்தின் உட்புறமாகப் பிளாத்திக்குக் குழாயினுள் கொண்டு செல்லுக. இரும்புத் தகட்டின் துவாரத்தைக் கடக்கும் இடங்களில் றப்பர் வளையம் இடுக. கம்பிகளை முறுக்கி மேலே நாடா சுற்றிய மூட்டு வயல் நீருக்கு ஒரு போகமும் தாங்காது. உள்ளே பச்சைக் களிம்பு பிடித்துவிடும். மூட்டுகளை மூடியுள்ள பெட்டியொன்றினுள் மரையாணித் தொடுப்பில் இணைத்தலே முறை. செருகியிலிருந்து வரும் கம்பி, இயந்திரம் முற்றாகத் திரும்பும்போது இழுபடாத அளவு தளர்வாகவும், நேரே செல்லும்போது நிலத்தில் உராயாத அளவு குறுகியும் இருக்கட்டும்.

உருகியின்றிக் கம்பி இணைத்தல் ஒருபோதுங் கூடாது. உழவியந்திரத்தினதும் பெட்டியினதும் பிறேக் குமிழ்கள் நான்கும் சேர்ந்து 84 வாற்று, அதாவது 7 அம்பியர். அதற்கு 10 அம்பியர் உருகி போதுமானது. உருகி அடிக்கடி எரிகின்றதென்று சிகரெட் தாளையோ கம்பித் துண்டையோ இடுபவர் உளர். உருகி எரிவது எங்கோ கம்பி உரிந்து இரும்பைத் தொடுகின்றது என்பதற்கு அறிகுறி. அவ்விடத்தைக் காணாது விட்டால் அடுத்துச் சூடேறுவது கம்பியாகும். அதற்கு மேலே இருப்பதோ காய்ந்த வைக்கோல். பெட்டிக் குமிழ்கள் சேர்ந்த பின் சமிக்ஞை மினுங்கும் தாளம் மாறினால், கூடிய வாற்றுக்குரிய மினுக்கியை வாங்கிப் பூட்டுக.

லான்மாஸ்டர் பெட்டிகள்

ஒரு நிறுவனத்தின் பெயராக வந்த இச்சொல், இன்று எந்த இரு சக்கர உழவியந்திரத்துக்கும் நம்மவர் வழங்கும் பெயராகிவிட்டது. இவற்றிற் பலவற்றுக்குப் பற்றரி இல்லாமையால் மேற்கூறிய முறையை அப்படியே கைக்கொள்ள இயலாது. ஆயினும் பெட்டியில் இரண்டு 5 வாற்றுப் பின்விளக்குகளைப் பூட்டி, தனிப் பற்றரியால் எரியச் செய்யலாம். பற்றரியால் இயங்கும் மருந்துத் தெளிகருவிகள் பலவற்றில் 12 வோற்று, 8 அம்பியர்-மணி பற்றரி உண்டு. அதனைக் கழற்றிப் பயன்படுத்தினால் நான்கைந்து மணித்தியாலங்களுக்குப் போதும். எல்.ஈ.டி விளக்காயின் இரவு முழுவதும் எரியும். இங்கும் பற்றரியின் அருகிலேயே சிறிய உருகியொன்றும் ஆளியொன்றும் வைத்தல் வேண்டும்.

விளக்கு எதுவாயினும், பெட்டியின் பின்புற இரு ஓரங்களிலும் சிவப்பு ஒளித்தெறிப்பிகளைப் பொருத்துக. இவற்றுக்குப் பற்றரியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். இயந்திரம் பழுதுற்று நடுத்தெருவில் நிற்கும் இரவிலும் இவை வேலை செய்யும். பின்கதவைத் தாழ்த்தும்போதும், வைக்கோல் பின்னால் தொங்கும்போதும் விளக்குகளும் தெறிப்பிகளும் மறைபடாதிருத்தலைக் கவனிக்க. வயலைவிட்டுத் தெருவில் ஏறும் இடத்தில், வாய்க்கால் நீரில் துணியை நனைத்து அவற்றின் சேற்றைத் துடைத்துவிடுக. துடைத்த பின்பு ஒருவரைப் பின்னால் நிறுத்தி, பிறேக்கை மிதித்தும் சமிக்ஞைகளைப் போட்டும் பார்த்துக்கொண்டு புறப்படுக.

வேலையற்ற மாதங்களில் செருகியைக் கழற்றி, முனைகளுக்கு வசலின் பூசி, பிளாத்திக்குப் பையாற் சுற்றிக் கீழ்நோக்கித் தொங்கவிடுக. நெல் களஞ்சியத்துக்கு அருகில் நிறுத்தும் பெட்டிகளின் கம்பிகளை எலி கடிப்பது சாதாரணம். ஆகையால் அடுத்த அறுவடைக்கு இரண்டு கிழமை முன்னதாகவே குழாயின் இரு முனைகளையும் திறந்து பார்த்து, கடிபட்ட கம்பியை ஒட்டுப்போடாது முழுநீளத்துக்கும் மாற்றிவிடுக.