மின் மோட்டாரின் திறனும் பணிமுறையும்

மின் மோட்டார்களுக்கான ஒப்பந்தப்புள்ளிகளைப் பரிசீலிக்கும்போது கிலோவாட் அளவையும் விலையையும் மட்டும் ஒப்பிடுதல் போதாது. குறிப்பிட்ட திறனை மோட்டார் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் ஆராயப்பட வேண்டும்.

மோட்டாரின் திறனுக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் வெப்பமே. சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 'பி' வகை மின்காப்பு 130 டிகிரி செல்சியஸ் வரையிலும், 'எஃப்' வகை 155 டிகிரி வரையிலும் தாங்கும். எல்லையை மீறும் ஒவ்வொரு 10 டிகிரியும் காப்பின் ஆயுளை ஏறத்தாழப் பாதியாக்கும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொது விதி.

இதனைக் கருதியே சர்வதேச மின் தொழில்நுட்ப ஆணையத்தின் தரம் எஸ்1 முதல் எஸ்10 வரை பத்துப் பணிமுறைகளை வகுத்துள்ளது. இந்தியத் தரமும் அதனையே தழுவியுள்ளது. அவற்றுள் முதல் மூன்றும் முக்கியமானவை.

எஸ்1 என்பது தொடர்பணி. மாறாத சுமையுடன் இடைவிடாது ஓடும் பம்புகளுக்கும் காற்றோட்ட விசிறிகளுக்கும் இது உரியது.

எஸ்2 என்பது குறுகியகாலப் பணி. 10, 30, 60 அல்லது 90 நிமிடம் ஓடியபின் மோட்டார் முற்றிலும் குளிரும்வரை நிற்க வேண்டும். அணை மதகுகளை உயர்த்தும் மோட்டார் இதற்கு எடுத்துக்காட்டு.

எஸ்3 என்பது விட்டுவிட்டு நிகழும் பணி. ஒரு சுற்று பொதுவாக 10 நிமிடம். '40 சதவீதம்' எனில் 4 நிமிடம் ஓட்டம், 6 நிமிடம் ஓய்வு. பாரந்தூக்கிகள் இவ்வாறு இயங்குகின்றன. அடிக்கடி தொடங்குவதால் ஏற்படும் வெப்பம் கணிசமாயின் எஸ்4 பொருந்தும்.

எஸ்3, 40 சதவீதம், 11 கிலோவாட் எனக் குறித்த மோட்டாரை இடைவிடாது ஓடும் பம்புக்குப் பொருத்துவதாகக் கொள்வோம். 11-இன் இருமடி 121. அதில் 40 சதவீதம் 48.4, இதன் இருமடி மூலம் ஏறத்தாழ 7. தொடர்பணியில் அது தாங்கக்கூடியது 7 கிலோவாட் அளவே. இரும்பு இழப்பும், ஓய்வின்போது விசிறி நின்றுவிடுவதும் கணக்கிடப்படாததால் இது தோராய மதிப்பே. எனினும், 11 கிலோவாட் சுமையை அதன்மீது ஏற்றினால் சுருள் கருகும் என்பதை உணர இது போதும்.

மாறாக, தேவைக்கு மிகப் பெரிய மோட்டாரைத் தெரிவு செய்வதும் சிக்கனமன்று. குறைந்த சுமையில் அதன் பயனுறுதிறனும் திறன் காரணியும் தாழ்ந்துவிடும்.

எனவே கொள்முதல் விவரக்குறிப்பில் சுமை, ஓடும் நேரம், ஓய்வு நேரம், மணிக்கு எத்தனை முறை தொடங்கும் என்பன தெளிவாக இடம்பெற வேண்டும். தரம் கருதும் சூழல் வெப்பநிலை 40 டிகிரி. கோடையில் அதனை விஞ்சும் இடங்களில் அதையும் குறிப்பிடுதல் அவசியம். இவ்விவரங்கள் இன்றிக் குறைந்த விலையை மட்டும் ஏற்பது, பின்னர் சுருளை மீண்டும் சுற்றும் செலவாகவும் வேலைத் தடையாகவும் முடியும்.