பேச்சுக்கு இடம் விடும் இசை



பெங்களூரின் ஓசூர் சாலையில் மருந்து ஆலைகளும் இயந்திரப் பட்டறைகளும் நெருங்கி நிற்கும் பொம்மசந்திராவில், ஷிப்டு முடிந்து வெளியே வரும் தொழிலாளருக்கு வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே உட்கார்ந்து பேச ஓர் இடம் தேவைப்படுகிறது. இத்தகைய இடத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் வெளியான தம் நூலில் ‘மூன்றாம் இடம்’ என்று குறித்து, பேச்சே அங்கு முதன்மையான செயல் என்றார். அதே ஆண்டில் பெங்களூரு ரெஸ்ட் ஹவுஸ் சாலையில் தொடங்கிய பெக்கோஸ் முதலான சிறு பப்கள் இந்நகரின் ராக் இசை ரசனையை வளர்த்தன. கிட்டாருடன் இப்படிப்பட்ட ஒரு பாரில் வாசிக்க விரும்பும் இளைஞர், அங்குள்ளோர் பேச வந்தவர்கள் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

அறையின் இணக்கம் பெரும்பாலும் ஒலியால் அமைகிறது. ஒலி எழுப்புவதை நிறுத்திய பின் அதன் அளவு 60 டெசிபெல் குறையப் பிடிக்கும் நேரம் ‘எதிர்முழக்க நேரம்’ எனப்படும். இதை 1890களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடமொன்றில் ஆராய்ந்த வாலஸ் சபைன், அறையின் கனஅளவு கூடக் கூட இந்நேரம் நீளும் என்றும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடக் கூடக் குறையும் என்றும் நிறுவினார். பத்து மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட, வெறும் சிமெண்டுச் சுவருள்ள அறையில் இந்நேரம் இரண்டு நொடியாக இருந்தால், நாற்பது பேர் வந்து அமர்ந்ததும் ஏறத்தாழ ஒரு நொடி அளவுக்கு இறங்கிவிடும். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதே காரணம். ஆகவே காலி அறையில் மாலை ஐந்து மணிக்குச் சரிபார்த்த ஒலியமைப்பை, ஆட்கள் நிறைந்த பின் மறுபடி சரிபார்க்க வேண்டும். விலை உயர்ந்த ஒலிபெருக்கியைவிட இந்தப் பொறுமையே பயன் தரும்.

இன்னொரு விளைவும் உண்டு. பின்னணி இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவர். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் விளக்கிய இது ‘லொம்பார் விளைவு’ எனப்படுகிறது. இசை உயர, பேச்சு உயர, மீண்டும் இசை உயர, முடிவில் அறையில் எவரும் எதையும் கேட்பதில்லை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கில், 85 டெசிபெல்லை எட்டு மணி நேரம் தாங்கக்கூடிய காது, 100 டெசிபெல்லைப் பதினைந்து நிமிடமே தாங்கும். நாள் முழுதும் இயந்திர ஓசையில் நின்றவரின் காதுக்கு அந்தத் தாங்கும் அளவும் ஏற்கெனவே பெரிதும் செலவாகியிருக்கும்.

சட்டமும் குறுக்கே வருகிறது. பெங்களூரில் உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் நேரடி இசைக்குக் காவல்துறை உரிமம் வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டு ஆணையை, உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் செல்லும் என்றது. பாதுகாப்பும் அண்டைவீட்டார் அமைதியும் நியாயமானவையே. எனினும் பெரிய முதலீட்டாளர் எளிதில் சமாளிக்கும் நடைமுறையில், இரண்டு பேர் வாசிக்கும் தெருமுனைக் கடையே அதிகம் சிரமப்படும் என்பது வருந்தத்தக்கது.

2025 ஆகஸ்டில் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டுவிட்டதால், நகரின் இசைக்கலைஞர் ஆம்ப்ளிஃபயரைச் சுமக்காமல் ஒரு கிட்டாருடன் இங்கு வந்து போக முடியும். இங்கு வாசிக்க விரும்பும் தம்பி, அப்படி வரும் நாளில் முதல் பாட்டை மைக் இல்லாமல் வாசித்துப் பார்; கடைசி மேசைக்குக் கேட்டால், அந்த இரவுக்கு அதற்கு மேல் ஒலி வேண்டாம்.