குழுச் சிகிச்சைக்குத் தயங்கும் தம்பிக்கு



மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரை, வாரம் ஒரு முறை கூடும் குழுச் சிகிச்சையிலும் சேரும்படி மனநல மருத்துவர் சொல்லும்போது தயக்கம் எழுவது இயல்பு. பெற்றோரிடமே வாய்விட்டுச் சொல்லாததை முன்பின் அறியாதவர்களிடம் எப்படிச் சொல்வது, தன் பாரத்தையே சுமக்க முடியாதபோது பிறர் பாரத்தைக் கேட்டு என்ன ஆகப்போகிறது, தனியாகப் பார்க்க நேரமில்லாததால்தான் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்களோ என்று தம்பியின் கடிதம் எழுப்பும் மூன்று ஐயங்களும் விடை பெறத் தகுந்தவை. கடைசி ஐயத்திலிருந்து தொடங்குவதே முறை, ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது.

குழு உளவியல் சிகிச்சை, அதாவது பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ வழிநடத்த, ஒத்த துன்பம் உடைய ஆறு முதல் பத்துப் பேர் குறித்த நாளில் குறித்த நேரத்தில் கூடி, தங்களுக்குள் நிகழும் பேச்சையும் பழக்கத்தையுமே சிகிச்சையாகக் கொள்ளும் முறை, பற்றாக்குறையில் பிறந்தது. 1905இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற பொது மருத்துவர், காசநோய் இல்லங்களில் தங்கிச் சிகிச்சை பெற வசதியில்லாத ஏழை நோயாளிகளை வாரந்தோறும் ஓரிடத்தில் கூட்டி, ஓய்வு, தூய காற்று, உணவு ஆகியவற்றைப் பற்றிக் கற்பித்ததோடு, அவர்கள் வீட்டில் அன்றாடம் எழுதிவந்த குறிப்பேடுகளையும் பார்வையிட்டார். உடல்நோய்க்காகத் தொடங்கிய அந்த வகுப்பில், எடை கூடிய ஒருவரைக் கண்டு மற்றவர்கள் நம்பிக்கை கொள்வதையும், ஒரே நோய் பிணைத்தவர்கள் இனமும் சமயமும் பாராமல் நட்புக் கொள்வதையும் கவனித்த பிராட், பிற்காலத்தில் மனத்துயரால் உடல் நலிந்தவர்களுக்கும் அதே முறையைக் கையாண்டார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்டு இராணுவ மருத்துவமனையில், மனமுடைந்து வந்து சேர்ந்த வீரர்கள் மிகப் பலராகவும் அவர்களைக் கவனிக்கும் மனநல மருத்துவர்கள் மிகச் சிலராகவும் இருந்த நிலையில், மனநல மருத்துவர்களான வில்ஃபிரட் பியானும் அவருக்குப் பின் ஃபூக்ஸும் குழுவையே சிகிச்சைக் களமாக ஆக்கினார்கள். ஆகவே மருத்துவர் குறைவு இம்முறைக்குக் காரணமாக இருந்தது மெய்யே. ஆனால், ஒரே சிகிச்சையைச் சிலருக்குத் தனியாகவும் சிலருக்குக் குழுவிலும் கொடுத்து ஒப்பிட்ட பிற்கால ஆய்வுகளில், மனச்சோர்வைப் பொறுத்தவரை இரண்டின் பயனும் பெரிதும் ஒத்தே காணப்பட்டது. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் என்ற நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியும், கடுமை குறைந்த மனச்சோர்வுக்கு உரிய சிகிச்சைகளுள் குழுவாக நடத்தப்படும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையைச் சேர்த்திருக்கிறது. தானாக ஓடும் எண்ணங்களைச் சான்றோடு சோதித்துப் பார்க்கவும், அச்சத்தால் கைவிட்ட செயல்களைச் சிறிது சிறிதாக மீட்கவும் பழக்குவதே அறிதல்-நடத்தைச் சிகிச்சை. அதே நிறுவனம் 2013இல், பிறர் பார்வைக்கு அஞ்சி ஒடுங்கும் சமூகப் பதற்ற நோய்க்குக் குழுவைவிடத் தனிச் சிகிச்சையையே முன்னிறுத்தியது என்பதையும் மறைக்கலாகாது. எனவே, தன் நிலைக்குக் குழு எவ்வாறு பொருந்துகிறது என்று தம்பி மருத்துவரிடம் நேரடியாகவே கேட்கலாம். அது மரியாதைக் குறைவாகாது, நல்ல மருத்துவர் அக்கேள்வியை எதிர்பார்த்தே இருப்பார்.

அந்நியர் முன் பேசுவது பற்றிய ஐயம் இதனினும் ஆழமானது. மனச்சோர்வு கொண்டவரின் துன்பத்தில் ஒரு பகுதி, இப்படி ஒரு நிலை தனக்கு மட்டுமே நேர்ந்தது என்ற நம்பிக்கையால் விளைகிறது. வெளியே எல்லோரும் வேலைக்குப் போய், சிரித்துப் பேசி, உறங்கி எழுகிறார்கள், தான் மட்டும் உள்ளே அழுகிக்கொண்டிருப்பதாக அவர் கருதுகிறார், அந்தக் கருத்தைச் சொல்லவும் வெட்கப்படுவதால் அதை மறுப்பதற்கான வாய்ப்பே எவருக்கும் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழுச் சிகிச்சை குறித்து 1970இல் வெளியிட்ட பெருநூலில் குணமாக்கும் காரணிகளை வகுத்தபோது, இந்தத் தனிமை நம்பிக்கை உடைவதை அவற்றுள் ஒன்றாக வைத்தார். குழுக்களில் அவர் செய்யச் சொன்ன பயிற்சி ஒன்று உண்டு: எவரிடமும் சொல்ல விரும்பாத இரகசியத்தை ஒவ்வொருவரும் பெயரில்லாத தாளில் எழுதித் தர வேண்டும். அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது குற்றமோ காமமோ சார்ந்த செய்தியாக இல்லாமல், அடிப்படையில் தான் தகுதியற்றவர், தன்னை உள்ளபடி அறிந்தால் எவரும் மதிக்கமாட்டார்கள் என்ற எண்ணமாகவே இருந்தது. தகுதியுள்ளவர்களாகத் தோன்றும் பலரும் அதே வரியை எழுதியிருப்பதைக் காண்பவர், தன் எண்ணத்தை உண்மை என்று கொள்வதா, நோயின் குரல் என்று கொள்வதா என்று முதன்முறையாக யோசிக்கத் தொடங்குகிறார்.

குடும்பத்தார் இதைச் செய்ய முடியாததற்கு அன்புக் குறைவு காரணமில்லை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் முன்பே வகுக்கப்பட்டுவிடுகிறது; மூத்த மகன், நன்றாகப் படித்தவன், கடன் அடைக்க வேண்டியவன் என்ற இடத்திலிருந்து ஒருவர் தன் சோர்வைச் சொல்லும்போது கேட்பவரின் நெஞ்சமும் சேர்ந்து நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைத் தாங்க முடியாமல் தாயார் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறார், தந்தையார் நடைப்பயிற்சி போகச் சொல்கிறார், அத்தை கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். அறிவுரை விரைந்து வந்துவிடுவதால் பேச்சு அங்கேயே அடைபட்டுப்போகிறது. குழுவில் அமர்ந்திருப்பவருக்கோ தம்பியின் சம்பளத்திலோ திருமணத்திலோ பங்கில்லை. அதனால் அவர் பயப்படாமல் கேட்க முடிகிறது.

இனி, பிறர் பாரத்தைப் பற்றி. இந்த ஐயத்துக்குச் சிறந்த விடை ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டிலிருந்து வருகிறது. எய்ட்ஸ் நோய் வீட்டுக்கு வீடு சாவைக் கொண்டுவந்திருந்த ராக்காய், மசாக்கா மாவட்டங்களில், பால் போல்டன் முதலிய ஆய்வாளர்கள் முப்பது கிராமங்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் மட்டும் மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் குழுச் சிகிச்சை நடத்தினார்கள். அங்கே கையாளப்பட்டது உறவுசார் சிகிச்சை எனப்படும் முறை. சோர்வு எந்த உறவு நிகழ்வை ஒட்டித் தொடங்கியது, அது ஒருவரின் இறப்பா, வீட்டுப் பூசலா, நோயோ வறுமையோ கொண்டுவந்த வாழ்க்கை மாற்றமா என்று கண்டறிந்து அந்த இடத்திலேயே வேலை செய்வது அதன் இயல்பு. ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுக்களாக வாரம் ஒன்றரை மணி நேரம் வீதம் பதினாறு வாரங்கள் கூடினார்கள். வழிநடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். அந்த வட்டாரத்து மொழி பேசும், பள்ளிப் படிப்பு முடித்த, இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். 2003இல் வெளியான முடிவுகளின்படி, குழுவில் சேர்ந்தவர்களுள் தொடக்கத்தில் 86 சதவீதத்தினருக்கு இருந்த மனச்சோர்வு நோய் இறுதியில் 6.5 சதவீதத்தினரிடமே எஞ்சியிருந்தது. குழு இல்லாத கிராமங்களில் அது 94 சதவீதத்திலிருந்து 54.7 சதவீதமாகக் குறைந்தது. காலம் கடந்தாலே ஓரளவு தணிவு உண்டு என்பதை இரண்டாவது எண்ணிக்கை காட்டுவதால், குழுவின் பங்கை மதிப்பிடும்போது அதையும் கழித்தே பார்க்க வேண்டும். கழித்த பின்னும் எஞ்சும் வேறுபாடு மிகப் பெரிது. ஆறு மாதம் கழித்து ஆராய்ந்தபோதும் அந்தப் பயன் நிலைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் இம்முறையை எட்டு அமர்வுகளாகச் சுருக்கி 2016இல் கையேடாகவே வெளியிட்டது.

அந்தக் கிராமத்தவர் சாவையும் வறுமையையும் அருகில் கண்டவர்கள். இருந்தும் ஒருவர் துயரைக் கேட்டு இன்னொருவர் மேலும் அமிழ்ந்துவிடவில்லை என்பதைத் தம்பி ஊன்றிக் கவனிக்க வேண்டும். மனச்சோர்வு ஒருவரைத் தான் எதற்கும் பயனற்றவர் என்று நம்பவைக்கிறது. அந்த நம்பிக்கையை வாதத்தால் எவராலும் அகற்ற முடியாது, பாராட்டினாலோ அவர் மேலும் கூசிக்கொள்கிறார். ஆனால் எதிரே அமர்ந்திருக்கும் ஒருவர், இரவு மூன்று மணிக்கு விழித்து விடியும்வரை நெஞ்சு படபடக்கப் படுத்திருப்பதைச் சொல்ல, தானும் அப்படியே படுத்திருப்பதுண்டு என்றும் அப்போது எழுந்து அமர்வது சிறிது உதவியது என்றும் சொல்ல நேர்ந்து, அடுத்த வாரம் அவர் வந்து அது தமக்கும் உதவியது என்று கூறும்போது, பயனற்றவர் என்ற தீர்ப்புக்கு எதிராக ஒரு சான்று பிறந்துவிடுகிறது. தனிச் சிகிச்சையில் நோயாளி என்றும் பெறுபவர் மட்டுமே. கொடுப்பவராகவும் ஆவதற்கான இடம் குழுவில்தான் அமைகிறது. யாலோம் இதையும் குணமாக்கும் காரணிகளுள் ஒன்றாகவே எண்ணினார். குழுச் சிகிச்சையின் சிறப்புகளுள் இதற்கு நிகரானது வேறில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

அறைக்குள் நடப்பது குழுவுக்குக் குழு மாறும். சமூகப் பதற்றத்துக்காக அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு ஹைம்பெர்க் வகுத்த முறையில், ஏறத்தாழ ஆறு பேர் பன்னிரண்டு வாரங்கள், வாரம் இரண்டரை மணி நேரம் கூடி, ஒருவர் அஞ்சும் சூழலை அங்கேயே நடித்துப் பழகுகிறார்கள். நேர்முகத் தேர்வுக்கு அஞ்சுபவருக்கு மற்றவர்கள் தேர்வாளர்களாக அமர்கிறார்கள், முடிந்ததும் அவர் எதிர்பார்த்த அவமானம் நேர்ந்ததா என்று எல்லோரும் சேர்ந்து பார்க்கிறார்கள். இன்னொரு வகைக் குழுவில் திட்டமிட்ட பாடம் எதுவும் இராது. தாமதமாக வந்த ஒருவர் மேல் மற்றொருவர் கோபம் கொண்டு அதைச் சொல்லாமல் விழுங்குவதுகூட அங்கே பேச்சுக்குரிய பொருளாகும், ஏனெனில் வெளியுலகிலும் அவர் அவ்வாறே விழுங்கிப் பழகியிருப்பார். எந்த வகை என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பாடத்தை எதிர்பார்த்துச் சென்று மௌனத்தைச் சந்திப்பவர் மனம் வெறுத்துப்போவார்.

முதல் சில வாரங்கள் சுகமாக இரா என்று முன்கூட்டியே அறிந்திருப்பது பாதி காப்பு. முதல் நாளில் பெயரும் வந்த காரணமும் சொன்னாலே போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டவர் அந்த வெட்கத்தாலேயே மறுவாரம் வராமல் போவதுண்டு. தன்னைவிடப் பெருந்துயர் உடையவரைக் கண்டு தன் நோய் நோயே இல்லை என்று கூசுவதும், விரைவில் தேறியவரைக் கண்டு தனக்கு விடிவில்லை என்று முடிவுசெய்வதும் இந்நோயின் வழக்கமான கணக்குகள். அவற்றை மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் குழுவிலேயே சொல்லிவிட்டால் வலு குறைந்துவிடும். போகப் பிடிக்காத வாரம் கட்டாயம் வரும். அந்த வாரம்தான் போக வேண்டிய வாரம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், விலகுவது என்று முடிவானாலும் கடைசி முறையாக வந்து, விலகும் காரணத்தைக் குழுவினர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டே விலக வேண்டும்.

இரகசியம் காப்பது குறித்து உள்ளது உள்ளபடி சொல்லியாக வேண்டும். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளைக் காக்கும் கடமையை மருத்துவப் பணியாளர்கள் மேல் சுமத்துகிறது. குழுவில் உடன் அமரும் நோயாளியைக் கட்டுவதோ முதல் நாள் எல்லோரும் கொடுக்கும் வாக்குறுதி மட்டுமே. பெரும்பாலோர் அவ்வாக்கைக் காப்பது, தம் செய்தியும் பிறர் கையில் இருப்பதால்தான். ஆயினும் சிற்றூரிலோ ஒரே தொழில் வட்டத்திலோ தெரிந்த முகம் எதிர்ப்படக்கூடும். அப்படி நேர்ந்தால் வழிநடத்துநரிடம் தனியே சொல்லி வேறு குழுவுக்கு மாறுவதில் தவறேதும் இல்லை. பெயர், அலுவலகம், ஊர் ஆகியவற்றை விட்டுவிட்டும் துயரை முழுமையாகச் சொல்ல முடியும். குழுவினரோடு வெளியே தனி நட்பும், பணம் கொடுக்கல் வாங்கலும், வாட்ஸ்அப் பேச்சும் சிகிச்சை முடியும்வரை வேண்டா, ஏனெனில் அங்கே தீர்ந்துபோகும் பேச்சு குழுவுக்குள் வராமலே நின்றுவிடும்.

வழிநடத்துபவர் எங்கே பயின்றார், அவர் தடுமாறும்போது யாரிடம் ஆலோசனை பெறுகிறார் என்றும் கேட்க வேண்டும். உகாண்டாவின் உள்ளூர்க்காரர்கள் இரண்டு வாரப் பயிற்சியோடு பணியாற்றியது, வகுக்கப்பட்ட கையேடும் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்ததால்தான்; அவை இல்லாமல், பேச்சுத்திறனை மட்டும் நம்பி மனச்சுமையை இறக்கிவைப்பதாக விளம்பரம் செய்யும் கூட்டங்களை விட்டு விலகி நிற்பதே பாதுகாப்பு. குழுவில் சேர்ந்துவிட்டதால் மாத்திரையைத் தானாக நிறுத்துவது கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்தால் அடுத்த வாரக் கூட்டம்வரை காத்திருக்கலாகாது. அன்றே மருத்துவரை அணுகவோ, இரவும் பகலும் இயங்கும் அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416ஐ அழைக்கவோ வேண்டும்.

சேரும் நாளன்று மனச்சோர்வை அளக்கும் ஒன்பது வினாக்கள் கொண்ட பிஎச்க்யூ-9 படிவத்தையும், பதற்றத்தை அளக்கும் ஏழு வினாக்கள் கொண்ட ஜிஏடி-7 படிவத்தையும் நிரப்பித் தேதியிட்டு வைத்துக்கொள்வது பயன் தரும். முன்னதன் மொத்தம் 27 வரையும் பின்னதன் மொத்தம் 21 வரையும் செல்லும். எண் கூடுவது கடுமை கூடுவதைக் காட்டும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை மீண்டும் நிரப்பினால், ஒன்றும் மாறவில்லை என்று சோர்ந்த மனம் சொல்வதற்கும் தாளில் உள்ளதற்கும் வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்கலாம். எட்டாவது வாரத்திலும் எண் இறங்காமலே இருந்தால் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்று, மருந்தை மாற்றுவதா, குழுவை மாற்றுவதா, தனிச் சிகிச்சையைச் சேர்ப்பதா என்று அவரோடு அமர்ந்து முடிவுசெய்துகொள்ளலாம்.

அன்புடன்,
பெரியப்பா