செருப்பை விட்ட வாசல்

ரமணாசிரமம் அருகில், செங்கம் சாலை,
திருவண்ணாமலை.

அன்புள்ள கண்ணு,

உங்கள் ஆபீஸ் சர்வரில் போஸ்ட்கிரஸ் புரோசஸ்களைக் குறிப்பிட்ட கோர்களில் கட்டிப்போட்டால் வேகம் கூடுமா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் கூடாது, குறையவும் செய்யலாம்.

கட்டச் சொல்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு புரோசஸ் ஓட ஓட, அதற்கு வேண்டிய டேட்டா அந்தக் கோரின் கேஷில் சேர்ந்துவிடும். வேறு கோருக்கு மாற்றினால் அதை மறுபடி எடுத்துவர வேண்டும். அண்ணாமலையார் கோயிலில் ராஜகோபுர வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் பேய்க் கோபுரம் வழியாக வெளியே வந்தவர் பாடுதான்: வெயிலில் மதிலைச் சுற்றி நடக்க வேண்டும். ஆனால் பௌர்ணமிக் கூட்டத்தில் கிழக்கு வாசல் நெரிகிறது, மேற்கு வாசல் காலி என்றால்? செருப்புக்காக நெரிசலில் நிற்பதைவிடச் சுற்றி நடப்பது மேல். லினக்ஸ் ஷெட்யூலர் இந்தக் கணக்கை ஓயாமல் போடுகிறது. முடிந்தவரை பழைய கோரிலேயே விடவும் பார்க்கிறது. நீ கட்டிவிட்டால் அந்தக் கணக்குக்கே இடமில்லை.

போஸ்ட்கிரஸில் கனெக்‌ஷனுக்கு ஒரு புரோசஸ். எல்லாம் போஸ்ட்மாஸ்டர் என்ற தாய் புரோசஸ் ஃபோர்க் செய்து பிறப்பவை. பிறக்கும்போதே தாயின் அஃபினிட்டியை, அதாவது எந்தக் கோர்களில் ஓடலாம் என்ற வரம்பை, வாங்கிக்கொள்ளும். டாஸ்க்செட் கட்டளையால் போஸ்ட்மாஸ்டரை ஒரு கோரில் கட்டிப் பார், பிறகு வரும் கனெக்‌ஷன்கள் அத்தனையும் அங்கேயே குவியும். சரி, ஒவ்வொன்றாகக் கட்டலாம் என்றால், எந்தக் கனெக்‌ஷனில் எப்போது கனமான க்வெரி வரும் என்று உனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இரண்டு ஒரே கோரில் மாட்டினால் ஒன்று காத்திருக்கும். காத்திருப்பது கையில் லாக் வைத்திருந்தால், மற்ற கோர்களில் இருப்பவையும் சேர்ந்து நிற்கும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

ஷெட்யூலர் தப்பே செய்யாது என்று சொல்லவில்லை. கோர்கள் சும்மா இருக்கும்போதே வேலைகள் வரிசையில் நின்ற பிழைகளை 2016-இல் யூரோசிஸ் மாநாட்டில் ஓர் ஆய்வுக் குழு காட்டியது. வணிக டேட்டாபேஸ் ஒன்றின் டிபிசி-எச் சோதனையில் அவற்றால் 14 முதல் 23 விழுக்காடு வரை இழப்பு. கட்டச் சொல்பவர்கள் இதை ஆதாரமாக நீட்டுவார்கள். ஆனால் அதில் ஒரு பிழையின் காரணத்தைப் பார்: தூங்கி எழும் திரெட்டை, கேஷ் வீணாகக் கூடாதென்று, ஷெட்யூலர் பழைய நோடிலேயே, அதாவது ஒரே மெமரியை ஒட்டிய கோர் கூட்டத்திலேயே, எழுப்பியது! செருப்பு மோகம் கர்னலுக்கும் இருந்திருக்கிறது.

மெமரியைக் கட்டுவதும் இப்படித்தான். இரண்டு சாக்கெட் உள்ள மெஷினில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி மெமரி. அடுத்த சாக்கெட்டின் மெமரியைத் தொடுவது மெதுவாகும். அதற்காக டேட்டாபேஸை ஒரு சாக்கெட்டின் மெமரிக்குள் அடைத்தால், பஃபர் அதைவிடப் பெரிதாக இருக்கையில், பக்கத்தில் இடம் கிடந்தும் ஸ்வாப் ஆகும். யாரும் கட்டாமலே மைஎஸ்கியூஎல் இப்படித் திணறியதை 2010-இல் ஜெரமி கோல் விளக்கினார். மெமரியை எல்லா நோடுகளிலும் பரப்பி வைப்பதே அவர் சொன்ன வழி. பின்னாளில் இன்னோடிபியிலேயே அதற்கு ஒரு செட்டிங் வந்துவிட்டது.

கட்ட வேண்டிய இடமும் உண்டு. அதே மெஷினில் இரவு பேக்கப்போ ரிப்போர்ட் வேலையோ ஓடி டேட்டாபேஸை நெருக்கினால், அந்த வேலையை இரண்டு கோருக்குள் அடக்கு, டேட்டாபேஸைத் தொடாதே. சில்லாடிபி என்ற டேட்டாபேஸ் கோருக்கு ஒரு திரெட் என்று கட்டித்தான் ஓடுகிறது. ஆனால் டேட்டாவையும் கோர்வாரியாகப் பிரித்து, முதலிலிருந்தே அப்படி எழுதப்பட்டது அது. உங்கள் சர்வர் கிளவுடில் இருந்தால் இன்னொன்று: நீ கட்டுவது வெர்ச்சுவல் கோரில்தான், அடியில் இருக்கும் நிஜக் கோர் உன் கையில் இல்லை.

திங்கட்கிழமை உச்ச நேரத்தில் பெர்ஃப் ஸ்டாட் போட்டு, சிபியு மைக்ரேஷன் எண்ணிக்கையையும் கேஷ் மிஸ்ஸையும் குறித்துக்கொள். கனெக்‌ஷன்கள் எத்தனை என்றும் பார். கோர்களைப் போலப் பல மடங்கு இருந்தால் முதலில் பிஜிபவுன்ஸர் என்ற கனெக்‌ஷன் பூலரைப் போட்டு அதைக் குறை. அதன் பிறகும் மைக்ரேஷன்தான் சிக்கல் என்று தோன்றினால் எண்களை எனக்கு அனுப்பு, பார்க்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா