எண்களைப் படமாக்குவோம்

கணக்குப் பாடத்தில் பட்டை வரைபடமும் வட்ட வரைபடமும் வரைந்திருப்பீர்கள். தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்பீர்கள். ஆனால் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அவை மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியவை அல்ல. தமிழ் வகுப்பு வேண்டும், தமிழாசிரியர் வேண்டும் என்று மனுக் கொடுக்கப் போனால், "நீங்கள் எத்தனை பேர்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கான விடையைக் கண்ணுக்குக் காட்டுவது படம்.

இந்தக் கலை மிகப் பழையதன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட நூலில் நாடுகளின் வாணிபக் கணக்கைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து காட்டினார். நாம் நம்முடைய கணக்கையே வரைந்து பழகுவோம்.

கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி:

2001 – 5,96,971 பேர்
2011 – 5,02,516 பேர்

முதல் படம்: பட்டை

கிராப் தாளில் ஒரு லட்சத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வையுங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். முதல் பட்டை ஏறத்தாழ 6 செ.மீ., இரண்டாவது 5 செ.மீ. வரும். பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்திருப்பது பார்த்தவுடனே விளங்கும்.

இப்போது ஒரு தவறான படத்தையும் வரைந்து பாருங்கள். அடிக்கோட்டை நாலரை லட்சம் என்று வைத்து, இருபதாயிரம் பேருக்கு ஒரு சென்டிமீட்டர் கொடுங்கள். முதல் பட்டை 7 செ.மீ.க்கு மேல் நிற்கும். இரண்டாவது இரண்டரை செ.மீ.யைச் சற்றே தாண்டும். தமிழர் தொகை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டதுபோல் தோன்றும்! எண் ஒன்றும் பொய்யில்லை. படம்தான் பொய் சொல்கிறது. ஆகவே பட்டை வரைந்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். பிறர் வரைந்ததைப் பார்த்தாலும் முதலில் அடிக்கோட்டைப் பாருங்கள்.

இரண்டாவது படம்: வட்டம்

2011-இல் கேரளத்தின் மக்கள்தொகை 3,34,06,061. இதில் தமிழர் ஒன்றரை விழுக்காடு. வட்டத்தின் 360 பாகையில் நமக்குக் கிடைப்பது சுமார் 5.4 பாகை, மெல்லிய கீற்று. இந்தப் படத்தை மட்டும் பார்ப்பவர், "இவ்வளவு பேருக்குத் தனிப் பள்ளி எதற்கு?" என்று கேட்கக்கூடும்.

மூன்றாவது படம்: நிலப்படம்

அதே எண்ணை வட்டம் வட்டமாகப் பிரித்துக் கேரள நிலப்படத்தில் நிறம் தீட்டினால் கதை மாறிவிடும். தமிழர் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. இடுக்கி மாவட்டத்தில் மூணாறுத் தேயிலைத் தோட்டங்கள் உள்ள தேவிகுளம் வட்டம், பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டம் போன்ற இடங்களில் நிறம் அடர்ந்து நிற்கும். பள்ளி எங்கே வேண்டும் என்பதற்கு விடை வட்டப்படத்தில் இல்லை, நிலப்படத்தில் இருக்கிறது.

ஆகவே பாடம் இதுதான்: முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள், பிறகு படத்தைத் தேர்ந்தெடுங்கள். கூடிற்றா குறைந்ததா என்றால் பட்டை. மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்றால் வட்டம். எங்கே என்றால் நிலப்படம். படத்தின் கீழே ஆண்டையும், எண் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் எழுத மறக்காதீர்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஏன் குறைந்தது என்பதைப் பட்டை சொல்லாது. ஊர் திரும்பியவர்களும் இருக்கலாம். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே வேறு மொழியைச் சொன்னவர்களும் இருக்கலாம். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக 2025-இல் அறிவித்தார்கள். வாசலில் வந்து தாய்மொழி எது என்று கேட்டால், தமிழ் என்று தயங்காமல் சொல்லும்படி அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். மூன்றாவது பட்டையின் உயரம் அந்த ஒரு சொல்லிலும் இருக்கிறது.

வீட்டுப் பயிற்சி: உங்கள் தெருவிலோ குடியிருப்பிலோ உள்ள தமிழ்க் குடும்பங்களில், தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று தாத்தா பாட்டி, அப்பா அம்மா, பிள்ளைகள் என மூன்று தலைமுறையாகக் கணக்கெடுங்கள். மூன்று பட்டைகள் வரையுங்கள். பூஜ்யத்திலிருந்து! வரைந்ததை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.